ஓக் ஐலண்டுக்கு எந்த வழி: மனிடோபா சாலையா, ஏரிப் படகா?

வருகிற ஜூன் மாதம் நாங்கள் ஆறு பேர் ஓக் ஐலண்ட் என்ற ஏரித் தீவில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். லாட்ஜுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். தூண்டில் கம்புகள் கராஜ் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பதில்தான் மூன்று வாரம் போய்விட்டது. மினசோட்டாவில் மற்றப் பெரும்பாலான ஏரிகளுக்குப் போனால் இந்த யோசனை வராது, கரை வரைக்கும் சாலை இருக்கும். ஓக் ஐலண்டும் மினசோட்டாவில்தான் இருக்கிறது. ஆனால் காரில் போக வேண்டுமென்றால் கனடாவுக்குள் நுழைந்து, மறுபடி அமெரிக்காவுக்குள் வர வேண்டும்.

"மினசோட்டாவுக்குப் போறதுக்குக் கனடா விசா எதுக்குப்பா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வரைபடத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

மினசோட்டாவின் உச்சியில் சின்னக் கொம்பு போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் நார்த்வெஸ்ட் ஆங்கிள். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் வடகோடி அதுதான். அந்தக் கொம்பு உண்டானதற்குக் காரணம் ஒரு வரைபடப் பிழை. 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியின் வடமேற்கு மூலைக்குப் போய், அங்கிருந்து நேர் மேற்கே மிசிசிப்பி ஆற்றைத் தொடும் என்று எழுதினார்கள். அவர்கள் கையிலிருந்த மிட்செல் வரைபடத்தை நம்பினால் அது சரியாகத்தான் தோன்றும். ஆனால் மிசிசிப்பி புறப்படுவது அந்த மூலைக்கு வெகு தெற்கே உள்ள ஐட்டாஸ்கா ஏரியில். மேற்கே எவ்வளவு தூரம் போனாலும் ஆறு வராது. 1818இல் இதைச் சரிசெய்ய, ஏரியின் அந்த மூலையிலிருந்து நேர் தெற்கே 49ஆவது அட்சக்கோடு வரை ஒரு கோடு இழுப்பது என்று முடிவானது. அந்தக் கோடு மேற்குக் கரையில் ஒரு துண்டு நிலத்தை வெட்டி அமெரிக்கப் பக்கம் போட்டுவிட்டது. அந்தத் துண்டுக்கு மேற்கே கனடாவின் மனிடோபா மாகாணம், வடக்கே ஒன்டாரியோ மாகாணம், தெற்கே தண்ணீர். ஓக் ஐலண்ட், ஃபிளாக் ஐலண்ட் எல்லாம் அதற்குக் கிழக்கே ஏரிக்குள் இருக்கின்றன.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 54 பேர் இருந்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி ரெட் லேக் ஓஜிப்வே மக்களுடையது. ஆகவே காட்டுக்குள் இறங்கி நடக்கலாம், ஓரமாகக் கூடாரம் போடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோடையில் தீவுக்குப் போக மூன்று வழி உண்டு. ஏரியின் தென்மேற்குக் கரையிலுள்ள மினசோட்டா ஊரான வாரோடிலிருந்து மனிடோபா சாலையைச் சுற்றி ஆங்கிளுக்கு வந்து, யங்ஸ் பே துறையில் காரை நிறுத்திவிட்டு லாட்ஜ் படகில் ஏறுவது ஒன்று. வாரோடிலிருந்தே ஏரியைக் குறுக்காகக் கடக்கும் படகு இன்னொன்று. மிதவை விமானம் மூன்றாவது. குளிர்காலக் கணக்கு தனி. நான் சாலையில் ஒரு முறையும் படகில் ஒரு முறையும் போயிருக்கிறேன்.

சாலை வழி

மினியாபொலிஸிலிருந்து வாரோட் சுமார் 360 மைல், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஆங்கிளில் உள்ள ஊரான ஆங்கிள் இன்லெட் இன்னும் 60 மைல் போல. வாரோடுக்கு வடக்கே எல்லைச் சாவடி. கனடாப் பக்கம் ஸ்பிரேக் என்ற சிற்றூர். மனிடோபாவின் 12ஆம் எண் சாலையில் கொஞ்ச தூரம் போய், 308இல் திரும்பி, அப்புறம் 525இல் கிழக்கே போக வேண்டும். கடைசிப் பகுதி சரளைச் சாலை. இரண்டு பக்கமும் காடும் சதுப்பும்தான், பெட்ரோல் பங்கு கிடையாது. வாரோடிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். மான்களுக்காகக் கண் எப்போதும் ஓரத்தில் இருக்க வேண்டும், அந்தி நேரத்தில் இன்னும் கூடுதலாக.

அமெரிக்காவுக்குள் திரும்ப நுழையும் இடத்தில் சாவடியோ அதிகாரியோ இல்லை. சாலை அப்படியே போகிறது. கொஞ்ச தூரத்தில் ஜிம்ஸ் கார்னர் என்று ஒரு சந்திப்பு. அங்கே நிறுத்தி, தொலைவழியாக அமெரிக்கச் சுங்கத்துக்கு நாம் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். யாரும் பார்க்கவில்லையே என்று தாண்டிப் போய்விடக் கூடாது, அது சட்டப்படி குற்றம். திரும்பும்போது ஆங்கிளிலிருந்து கிளம்பும் முன் கனடாச் சுங்கத்துக்குச் சொல்ல வேண்டும், வாரோடில் அமெரிக்க அதிகாரி முன் மறுபடி நிற்க வேண்டும். ஆகப் போய்வர நான்கு அறிவிப்பு. எல்லாரிடமும் சரியான காகிதம் இருந்தால் நான்கும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரோஸோ பக்கமும் ஒரு சாவடி இருக்கிறது, ஆனால் அது இரவில் மூடிவிடும். தாமதமாகக் கிளம்புகிறவர்களுக்கு வாரோட்தான் நல்லது.

சாலையின் பெரிய நன்மை, நம் நேரம் நம் கையில் இருக்கும். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் யங்ஸ் பே வரை போய்விடலாம். அங்கிருந்து தீவுக்குப் படகில் அரை மணி நேரத்துக்குள்தான், அதுவும் தீவுகளுக்கு நடுவே காற்று மறைந்த தண்ணீர். பெரிய ஐஸ் பெட்டி, குழந்தைகளின் சாமான், மழைக்கோட்டு எல்லாவற்றையும் காரில் அடைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் செலவு ஆறு பேருக்கும் ஒரே செலவு. துறையில் கார் நிறுத்த நாள் கட்டணம் உண்டு, அது பெரிதில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் சாலைக்கு இணை எதுவும் இல்லை.

ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு பிக்கப்பில் கிளம்பினோம். நால்வரில் மூவர் குடிமக்கள், நான் கிரீன் கார்டு. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்தோம். கனடாச் சாவடியில் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்த அதிகாரி ஒரு நண்பரை மட்டும் உள்ளே வரச் சொன்னார். 2019இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக அவர் மேல் ஒரு தீர்ப்பு இருந்திருக்கிறது. அபராதம் கட்டியதோடு அது முடிந்தது என்று அவர் நினைத்திருந்தார், எங்களிடமும் சொன்னதில்லை. கனடா அதிகாரிகளுக்கு அமெரிக்கக் குற்றப் பதிவுகள் திரையிலேயே தெரியும். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது கடுங்குற்றப் பிரிவில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது என்றால், பத்து வருடம் போனால் தானாகத் தீர்ந்துவிடும் என்ற பழைய வழியும் கிடையாது. தற்காலிக அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணமே 200 கனடா டாலருக்கு மேல், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இரண்டரை மணி நேரம் கழித்து மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். வண்டியைத் திருப்பி வாரோடுக்கு வந்தபோது பிக்கப்பில் ஒருவரும் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை அவரைப் படகில் ஏற்றிவிட்டு நாங்கள் மூவரும் சாலையில் போனோம். நாங்கள் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் துறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் மைலையும் பணத்தையும் முதலில் பார்ப்பதில்லை. உடன் வருகிறவர்களில் யாருடைய காகிதம் மெலிந்ததோ, அவரைப் பார்த்துத்தான் வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

யாருக்கு என்ன காகிதம்

நம்மவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் போதும். தரைவழிக்குப் பாஸ்போர்ட் கார்டும், மினசோட்டா கொடுக்கும் மேம்பட்ட ஓட்டுநர் உரிமமும் செல்லும். 16 வயதுக்குக் கீழுள்ள குடிமக்கள் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை, இரண்டையும் கையில் வைத்திருந்தால் சரி.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டு தனித்தனிக் கேள்விகள். கனடாவுக்குள் போக, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா பார்வையாளர் விசா கட்டாயம். அமெரிக்க விசா இருக்கிறதே என்பது அங்கே எடுபடாது. திரும்பி வரும்போது அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தாலும், 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்புகிறவர்களை உள்ளே விட ஒரு விதி இருக்கிறது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவு செல்லுபடியில் இருக்க வேண்டும், விசா மனு ஏற்கப்பட்டதைக் காட்டும் ஐ-797 தாளையும் எடுத்துப் போக வேண்டும், கனடாவில் இருக்கும்போது புது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிளில் அதிகாரி நேரில் இல்லை, தொலைவழி அறிவிப்புதான். குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் அது எளிது. விசாவில் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே வாரோட் சாவடியை அழைத்து, தங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்திருந்தால் அவர்களுக்கும் கனடா விசா வேண்டும். கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கட்டணத்தைவிடக் காத்திருக்கும் நாட்கள்தான் பிரச்சினை. மனிடோபாவில் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து போவதற்காக அப்பாவின் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டியில் ஏற்றக் கூடாதவை

சாலை வழியில் போகும் சாமான்களும் எல்லை தாண்டுகின்றன, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரோடில் வாங்கிய உயிருள்ள மின்னோ இரைமீனைப் பக்கெட்டில் வைத்துக்கொண்டு மனிடோபாவுக்குள் போக முடியாது. ஆங்கிளில் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சொந்தப் படகை டிரெய்லரில் இழுத்துப் போனால் அது சுத்தமாக, தண்ணீர் வடிந்து, காய்ந்திருக்க வேண்டும். மனிடோபாவில் அந்நிய நீர்வாழ் உயிரிகளுக்கான சோதனை நிலையம் திறந்திருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

கைத்துப்பாக்கி கூடாது. மனிதர் மேல் அடிக்கும் மிளகு ஸ்பிரே கூடாது, விலங்குக்கானது என்று எழுதியுள்ள கரடி ஸ்பிரே மட்டும் பரவாயில்லை. கஞ்சா மினசோட்டாவிலும் கனடாவிலும் சட்டப்படி செல்லும், ஆனால் எல்லையைத் தாண்டி எடுத்துப் போவது குற்றம். மதுவில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் ஒயின், அல்லது 1.14 லிட்டர் ஸ்பிரிட், அல்லது 24 கேன் பீர், இவற்றில் ஒன்றுதான் வரி இல்லாமல் போகும். நாய் கூட வந்தால் கனடாவுக்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் வரும் எல்லா நாய்க்கும் நோய்த்தடுப்பு மையத்தின் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்பி ரசீது வைத்திருக்க வேண்டும். ஆங்கிளுக்குள் நுழைவதும் அமெரிக்காவுக்குள் நுழைவதுதான்.

நம் வீட்டுச் சமையலுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதுதான் காரணம். மினியாபொலிஸ் கடையில் வாங்கிய கறிவேப்பிலையாக இருந்தாலும், மனிடோபா சுற்றி வந்தால் அது வெளியிலிருந்து வருவதுதான். மீன் குழம்புக்கு வேண்டியதை வீட்டிலேயே வதக்கி, பொடித்து எடுத்துப் போய்விடுங்கள்.

திரும்பும்போது மீன் கணக்கும் உண்டு. ஏரியின் மினசோட்டாப் பக்கத்தில் வால்ஐ, சாகர் என்ற இரண்டு வகை மீனும் சேர்த்து ஆளுக்கு ஆறு, அதில் வால்ஐ நான்குக்கு மேல் கூடாது. பத்தொன்பதரை அங்குலத்திலிருந்து 28 அங்குலம் வரை உள்ள வால்ஐயை விட்டுவிட வேண்டும், 28க்கு மேல் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். துண்டு போட்டால் என்ன மீன் என்று தெரியும்படி தோல் ஒட்டியிருக்க வேண்டும், எண்ணிப் பார்க்கும்படி கட்டியிருக்க வேண்டும். சாலையில் போனால் இரண்டு நாட்டு அதிகாரிகள் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.

படகு வழி

2020 மார்ச்சில் எல்லை மூடியபோது ஆங்கிள் மக்கள் தத்தளித்துப் போனார்கள். சாலை இருந்தும் விருந்தினர் வர முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 9 வரை, அமெரிக்கர்கள் சுற்றுலாவாகக் கனடாவுக்குள் போக வழி கிடையாது. ஒன்றரை வருடம் வருமானம் இல்லாமல் ஒரு லாட்ஜ் எப்படித் தாங்கும்? அந்த நெருக்கடியில்தான் வாரோடிலிருந்து பயணிகள் படகு ஓட ஆரம்பித்தது. எல்லை திறந்த பிறகும் அது தேவைப்படுகிறது என்றால், மேலே நான் சொன்ன காகிதங்கள்தான் காரணம்.

வாரோடிலிருந்து ஓக் ஐலண்ட் தண்ணீரில் சுமார் 40 மைல். முதலில் கிழக்கே போய், அப்புறம் வடக்கே திரும்பினால் முழுக்க முழுக்க மினசோட்டா நீரிலேயே போய்விடலாம். விசா இல்லை, சாவடி இல்லை, யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. மினியாபொலிஸிலிருந்து துலூத் போவது போல உள்ளூர்ப் பயணம்தான் அது. எங்களுக்கு இரண்டு மணி நேரம் அளவு ஆனது, சாலையில் போனாலும் கடைசியில் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும்.

பயணமே ஒரு அனுபவம். முதல் ஒரு மணி நேரம் பிக் டிராவர்ஸ் என்ற திறந்த வெளி, நான்கு பக்கமும் கரை தெரியாது. அப்புறம் தூரத்தில் கறுப்பாக ஒரு கோடு. கிட்டப் போகப் போக அது தீவு தீவாகப் பிரியும். இந்த ஏரியில் 14,000க்கு மேல் தீவுகள் இருக்கின்றன. பாறை விளிம்பில் பைன் மரங்கள், நடுவே ஒடுங்கிய நீர்வழி, மரத்தின் உச்சியில் வெண்தலைக் கழுகின் கூடு. 1732இல் பிரெஞ்சுக்காரர் லா வெரென்ட்ரி கட்டிய செயின்ட் சார்லஸ் கோட்டை இருந்த இடமும் இந்தத் தீவுகளில் ஒன்றில்தான். அவர் வந்ததும் தண்ணீர் வழிதான். சாலையில் போனால் இதில் பாதிகூடக் கண்ணில் படாது.

இந்த வழியின் குறை காற்று. பிக் டிராவர்ஸ் பரந்த நீர்ப்பரப்பு, ஆனால் ஆழம் குறைவு, முப்பது அடி சொச்சம்தான். ஆழமில்லாத தண்ணீரில் காற்றடித்தால் அலை சீக்கிரம் எழும்பும், நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். வடமேற்குக் காற்று பலமாக இருந்தால் படகோட்டி கிளம்ப மாட்டார், கிளம்பவும் கூடாது. போன ஆகஸ்டில் எங்களுக்கு அப்படித்தான் ஒரு நாள் போனது. வாரோட் அறையின் ஜன்னலில் உட்கார்ந்து கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தீவில் கேபினுக்கு அந்த இரவின் வாடகை ஓடியது. அந்த முடிவை எடுத்த படகோட்டி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மறுநாள் காலை ஏரி கண்ணாடி போல இருந்தது.

இன்னொரு குறை செலவு. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதால், ஆறு பேர் போய்வந்தால் சாலையைவிடக் கணிசமாகக் கூடும். சாமானுக்கும் அளவு உண்டு. போன பிறகு கார் கையில் இருக்காது. ஆனால் தீவில் காருக்கு வேலையும் இல்லை.

சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் தாங்களே கடக்கலாமா என்று கேட்பார்கள். 18 அடிக்குக் குறைந்த படகில் நான் போக மாட்டேன். குழந்தைகளோடு என்றால் எவ்வளவு பெரிய படகானாலும், ஏரியைத் தெரிந்தவர் ஒருவர் உடன் இல்லாமல் போக மாட்டேன். திறந்த வெளியில் அலை, தீவுகளுக்குள் நுழைந்ததும் தண்ணீருக்கடியில் பாறை. எல்லைக்கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஜிபிஎஸ் வரைபடம் அவசியம். 2017இல் கனடா கொண்டுவந்த திருத்தப்படி, கரையிறங்காமல், நங்கூரம் போடாமல், இன்னொரு படகோடு சேராமல் அவர்கள் நீர் வழியாகக் கடந்து மட்டும் போனால் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நிறுத்தித் தூண்டில் போடுவது வேறு விஷயம். ஒன்டாரியோ நீருக்கு ஒன்டாரியோ உரிமம் வேண்டும். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் மீன்பிடி விதிகள் ஒத்துப்போகாமல், 1998இல் ஆங்கிளைக் கனடாவோடு சேர்ப்பது பற்றி அங்குள்ளவர்களே வாக்களிக்க வழி செய்யும் தீர்மானம் ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. தீர்மானம் நிறைவேறவில்லை. தங்கள் குறையை எல்லாரும் கவனிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், அந்த நோக்கம் மட்டும் ஈடேறிவிட்டது.

விமானமும் பனியும்

மிதவை விமானம் வேகமானது. லாட்ஜ் துறையிலேயே இறக்கிவிடும், மேலிருந்து தீவுகளைப் பார்ப்பது மறக்க முடியாத காட்சி. ஆனால் சிறிய விமானம், ஆளையும் பையையும் சேர்த்து எடை பார்ப்பார்கள். ஆறு பேருக்கு இரண்டு முறை பறக்க வேண்டியிருக்கும். மேகம் தாழ்ந்தாலோ இருட்டினாலோ பறக்காது. படகுக்குக் காற்று எப்படியோ, இதற்கு வானிலை அப்படி. இரண்டு பேர், கை நிறையப் பணம், நேரம் மட்டும் இல்லை என்றால் சரி. எங்களுக்கு இல்லை.

குளிர்காலத்தில் கதை மாறும். மனிடோபா சாலை அப்போதும் திறந்திருக்கும். யங்ஸ் பேயிலிருந்து தீவுகளுக்கு ஐஸ் மேலேயே பாதை போடுகிறார்கள், பம்பார்டியர் என்ற சங்கிலிப் பட்டை வண்டியில் விருந்தினரைக் கூட்டிப் போகிறார்கள். எல்லை மூடியிருந்த 2021 குளிர்காலத்தில், வாரோட் பக்கத்திலிருந்து ஏரியின் மேலேயே சுமார் 22 மைலுக்கு ஒரு ஐஸ் சாலை போட்டு, கனடாவைத் தொடாமல் விருந்தினரை வரவழைத்தார்கள். பனியை வாரி, வெடிப்புகளில் பாலம் வைத்து, ஒவ்வொரு நாளும் தடிமன் பார்த்து அதைக் காத்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஐஸ் மேல் கார் ஓட்ட நினைப்பவர்களுக்கு மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்லும் அளவுகள் இவை: நடக்க 4 அங்குலம், ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7, சிறிய காருக்கு 9 முதல் 10, நடுத்தர டிரக்குக்கு 13. நல்ல தெளிந்த ஐஸுக்கான கணக்கு இது, வெள்ளையாக இருந்தால் இரண்டு மடங்கு வேண்டும். ஐஸ் பிடிக்கும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் தீவுக்குப் படகும் இல்லை, பாதையும் இல்லை. அந்த நாட்களில் முன்பதிவு செய்யவே வேண்டாம். அப்பாவின் முழங்காலை நினைத்து நான் குளிர்காலத்தைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

எங்கள் ஆறு பேர்

என் மனைவிக்கும் எனக்கும் கிரீன் கார்டு. குழந்தைகள் இருவரும் குடிமக்கள். மச்சான் எச்-1பி, ஸ்டாம்ப் போன வருடமே முடிந்துவிட்டது, கனடா விசா மட்டும் செல்லுபடியில் இருக்கிறது. அப்பா பி-2, கனடா விசா இல்லை. நால்வர் தடையில்லாமல் காரில் போகலாம். மச்சான் போகலாம், கொஞ்சம் கவலையோடு. அப்பாவால் முடியாது.

பிரிந்து போவதைப் பற்றியும் பேசினோம். நானும் மனைவியும் குழந்தைகளும் சாமானோடு காரில், அப்பாவும் மச்சானும் படகில். செலவு குறையும், ஐஸ் பெட்டியும் வந்து சேரும். முதலில் இதுதான் சரி என்று நினைத்தேன். அப்புறம் போன ஆகஸ்டின் காற்று நினைவுக்கு வந்தது. நாங்கள் தீவில் இருக்க, அப்பா வாரோடில் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கும்படி ஆனால்? அந்தப் பக்கம் போன் சிக்னலும் நிலையாக இருக்காது. மீன் பிடிக்கவே முக்கியமாக வருகிறவர் அவர். அவரைத் துறையில் விட்டுவிட்டு நான் அவருக்கு முன்னால் தூண்டில் போடுவதா? காத்திருப்பதாக இருந்தால் ஆறு பேரும் சேர்ந்து காத்திருப்போம் என்று மனைவிதான் சொன்னாள்.

ஆகவே எல்லாரும் படகில் போகிறோம். ஞாயிறு இரவு வாரோடில் அறை எடுத்திருக்கிறோம், படகு திங்கள் காலை. அன்று காற்றடித்தால் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திரும்புவது வெள்ளி, ஆனால் சனி, ஞாயிறு இரண்டையும் காலியாக வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள் அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் எதையும் ஏற்கவில்லை. லாட்ஜிடம் இரை அங்கேயே கிடைக்கும் என்று உறுதி வாங்கியாயிற்று, சாமானை மூன்று பையாகச் சுருக்கியாயிற்று. எல்லை தாண்டாததால் கறிவேப்பிலையைப் பச்சையாகவே எடுத்துப் போகலாம்.

அப்பாவுக்கு வெளிமாநிலத்தாருக்கான ஏழு நாள் உரிமம் வாங்கிவிட்டேன். அவர் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, எட்டு வயதுப் பேத்திக்குக் கொக்கியில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.